ஒரு வண்டிகூடத் தாமதமில்லை

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் "ம்" என்று பதில் போடுவாய். அதனால் இந்த முறை எங்கள் உடம்பை மட்டும் சொல்கிறேன். எனக்குக் கழுத்து வலி. அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, பேச்சு குறையவில்லை.

கழுத்து வலிக்குக் காரணம் புது வேலை. ரயில் கம்பெனிகளையும் டெலிபோன் கம்பெனிகளையும் கட்டி மேய்க்கிற எங்கள் வாரியம் தன் சட்டத்தைச் சுருக்கப்போகிறது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பிரிவுகள். அதை அறுபதாக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவும் எப்போது, ஏன் வந்தது என்று சரித்திரக் குறிப்பு எழுத வேண்டியது என் பொறுப்பு. என் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் காற்புள்ளி. "அலுவலகம் தீப்பற்றி எரிகிறது" என்று எழுதிக் கொடுத்தாலும் நடுவில் ஒரு காற்புள்ளி போட்டுவிட்டுத்தான் எழுந்து ஓடுவார்.

அப்பாவின் கேள்விகள் வழக்கம்போலத்தான். உன் ஸ்டேஷனில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி? எக்ஸ்பிரஸ் நிற்குமா, நிற்காமல் போகுமா? முப்பத்தொரு வருஷம் சிக்னல் கேபினில் நின்றுகொண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கு சலாம் வைத்த மனிதர். சொந்த மகனே ஸ்டேஷன் மாஸ்டர் ஆன சந்தோஷம் அவருக்கு இன்னும் அடங்கவில்லை. தபால்காரரைக்கூட நிறுத்தி வைத்து "என் பையன் இருக்கானே..." என்று ஆரம்பித்துவிடுகிறார். நீயோ ஐந்து வருஷமாக ஒரு முறைகூட வீட்டுப் பக்கம் வரவில்லை. ஸ்டேஷன் டெலிபோன் நம்பரையாவது கொடுத்துத் தொலையேன்.

உன் அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

ம். (சாப்பிடுகிறேன்.) கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அப்பாவின் இருமல் குறைந்தது கேட்டு நிம்மதி.

டெலிபோன் அலுவலக உபயோகத்துக்கு மட்டும். விதி அப்படி.

இங்கே என் தொப்பி, இரண்டு கொடிகள், தராசு எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. நாற்காலியின் ஒரு கால்தான் ஆடுகிறது. லீவு கேட்டால் ஸ்டேஷனை விட்டு நகரக்கூடாது என்கிறார்கள். அப்பாவிடம் சொல்: நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து இங்கே ஒரு விபத்தும் நடக்கவில்லை. ஒரு வண்டிகூடத் தாமதமாக வந்ததில்லை.

இப்படிக்கு,
தம்பி

பிப்ரவரி 16

அன்புத் தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். கழுத்து இப்போது இடப்பக்கம் மட்டும் திரும்புகிறது. எல்லோரும் சௌக்கியம்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒரு வண்டிகூடத் தாமதமாக வந்ததில்லை" என்ற இடத்தில் "நிறுத்து. அதை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். கடிதத்தை வாங்கி மடித்துத் தானே வைத்துக்கொண்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, பூங்காவில் ஓய்வுபெற்ற ரயில்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார். முன்னாள் கார்டு ஒருவர் "அஞ்சு வருஷமா? ஒண்ணுகூடவா?" என்று கேட்டதோடு சரி, அன்று சாயங்காலம் முழுக்க வாயே திறக்கவில்லையாம்.

என் வேலைக்கு வருகிறேன். இந்தச் சரித்திரம் இவ்வளவு ரசமாக இருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆரம்பத்தில் ரயில் கம்பெனி வைத்ததுதான் சட்டம். துறைமுகத்துக்கு மூன்று கம்பெனிகள் தண்டவாளம் போட்டிருந்தன. அங்கே போட்டி, அதனால் கட்டணம் மலிவு. வழியில் இருந்த ஊருக்கு ஒரே கம்பெனி, அங்கே கழுத்தை நெரிக்கிற கட்டணம். ஒரு மாவு மில்காரர் நாற்பது மைலில் இருந்த ஊருக்கு மூட்டை அனுப்பப் போனால், அதையும் தாண்டி இருநூறு மைல் போகிற துறைமுகக் கட்டணத்தைவிட அதிகம் கேட்டார்கள். மனிதர் சளைக்கவில்லை. மூட்டையைத் துறைமுகத்துக்கென்று பதிவு செய்து, தானும் அதே வண்டியில் ஏறி, வழியில் வண்டி நின்றதும் மூட்டையை இறக்கிவிட்டார். கம்பெனி வழக்குப் போட்டது, அவர் தன் சொந்த மாவைத் தானே திருடியதாக!

புகார் சொல்லப் போனால் கேட்க ஆள் இல்லை. முதலாளிகள் வேறு ஊரில் இருந்தார்கள், அலுவலகக் கதவு உள்ளே தாழ்ப்பாள். சட்டம் கொண்டுவரலாம் என்றால் சட்டசபையில் ஒவ்வொருவர் பையிலும் கம்பெனி கொடுத்த இலவசப் பாஸ். அந்தப் பாஸ்கள் காலாவதியான வருஷம்தான் சட்டம் நிறைவேறியிருக்கிறது. நான் அதை அப்படியே எழுதினேன். காற்புள்ளி "தற்செயலாக" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்.

ரயில் பாகம் முடிந்தது. அடுத்தது டெலிபோன் கம்பெனிகள்.

உன் அக்கா

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். கழுத்து வலியை அலட்சியம் செய்யாதே. ஒரு மாதம் லீவு போடு. இரண்டு மாதம் என்றாலும் நல்லதுதான்.

டெலிபோன் பாகத்தை அவசரப்பட்டு முடிக்காதே. பழைய ஆட்கள் எதை எதற்காக வைத்தார்களோ, யார் கண்டது? எதையும் வெட்டுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுது. சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

இப்படிக்கு,
தம்பி

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று எழுதக்கூட முடியவில்லை, சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது.

டெலிபோன் வந்த புதிதில் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகள் இருந்தனவாம். இந்தக் கம்பெனிக்காரர் அந்தக் கம்பெனிக்காரரோடு பேச முடியாது. கடைகளில் இரண்டிரண்டு டெலிபோன். மாமனார் ஒரு கம்பெனியும் மருமகன் இன்னொரு கம்பெனியுமாக இருந்த வீடுகள் மட்டும்தான் நிம்மதியாக இருந்திருக்கும். இவர்களையும் அடக்க வேண்டும் என்று ஊரே கூச்சல் போட்டது. அப்போதைய மந்திரிக்குப் புதுச்சட்டம் எழுதச் சோம்பல். விடுமுறைக்குக் கிளம்புகிற அன்று ஒரே வரியில் வேலையை முடித்துவிட்டார்: "ரயில் சட்டத்தில் 'ரயில் கம்பெனி' என்று வருமிடமெல்லாம் 'ரயில் அல்லது டெலிபோன் கம்பெனி' என்று கொள்க."

என்ன ஆயிற்று தெரியுமா? பிரிவு 14-இன்படி ஒவ்வொரு டெலிபோன் கம்பெனியும் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரை வைத்துக்கொள்ள வேண்டும்! தொப்பி, பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, தராசு, ஆடுமாடு குடிக்கத் தண்ணீர்த் தொட்டி எல்லாமும்தான். கம்பெனிகள் வழக்குப் போட யோசித்து, அதற்கு ஆகிற செலவைவிட ஒரு தொப்பி மலிவு என்று விட்டுவிட்டன. இன்றும் நடக்கிறது! எங்கள் இன்ஸ்பெக்டர் வருஷா வருஷம் போய்த் தொப்பி உண்டா, தொட்டி உண்டா என்று பட்டியலில் டிக் அடித்துவிட்டு வருகிறார். எந்தப் புண்ணியவானோ தண்டவாளமே இல்லாத ஏதோ ஒரு கட்டடத்தில் கொடியோடு உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறான். அவன் பெண்டாட்டி பிள்ளைகளிடம் என்னவென்று சொல்வான்?

இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். உன் அத்தானுக்குப் புரையேறிவிட்டது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பாவம், ஸ்டேஷன் மாஸ்டர்களைக் கேலி செய்தால் அவருக்குப் பொறுக்காது.

நீ கேட்டாயே என்று எழுதுகிறேன். பிரிவு 14-ஐ வெட்டுவதற்காகச் சிவப்புப் பென்சிலால் சுழித்துவிட்டேன்.

உன் அக்கா

ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் போடத் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

பிரிவு 14 பற்றி எழுதியிருந்தாய். தற்செயலாக எனக்கு அந்த வேலையில் ஒருவரைத் தெரியும். நல்ல மனிதர், என் வயதுதான் இருக்கும். அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

அந்தக் கம்பெனியில் அறுநூறு பேர் வேலை செய்கிறார்கள். பொதுஜனம் அதில் ஒருவரைக்கூடப் பார்க்க முடியாது. புகார் சொல்ல ஒரு நம்பர் இருக்கிறது, அது எந்நேரமும் பேச்சில் இருக்கும். தவிர, டெலிபோன் செத்துப்போயிற்று என்பதை டெலிபோனிலேயே சொல் என்றால் எப்படிச் சொல்வது? ஆனால் ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக்கதவு தெருவைப் பார்த்துத் திறக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பகலில் பூட்டக்கூடாது. எதிரே ஒரு நாற்காலி போட வேண்டும். யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் எடை போட்டு ரசீது தர வேண்டும். ரசீது கொடுத்த ஒன்பதாவது நாளுக்குள் கம்பெனி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். சரக்கு தொலைந்தால் கேட்பதற்காக வைத்தது, இப்போது டெலிபோனுக்கும் அதே விதி.

போன மாதம் ஒரு மருந்துக்கடை அம்மாள் வந்தார். கடை டெலிபோன் இரண்டு மாதமாக ஊமை. ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் கூப்பிட முடியவில்லை. நாலு கட்டடம் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் டெலிபோனையே பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நம் ஆள் தொப்பியை மாட்டிக்கொண்டு எடை போட்டார். "ஒன்றே முக்கால் கிலோ, பேச்சில்லை" என்று ரசீது எழுதினார். ஆறாம் நாள் மணி அடித்தது. அந்த அம்மாள் திரும்பி வந்து, "அந்தக் கட்டடத்துல என் மூஞ்சியைப் பார்த்துப் பேசினது நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாராம்.

தண்ணீர்த் தொட்டியில் ஒரு தெருநாய் குடிக்கிறது. அதைச் சட்டம் தடுக்கவில்லை.

அவரைக் கேலி செய்யாதே அக்கா.

இப்படிக்கு,
தம்பி

மே 9

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஐந்து வருஷத்தில் அரைப்பக்கம் தாண்டாதவன் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அதுவும் யாரோ ஒருவருடைய வேலையைப் பற்றி. காதில் பூ சுற்றாதே. அந்த மருந்துக்கடை அம்மாளுக்கு என்ன வயது? கல்யாணம் ஆகிவிட்டதா? வெட்கப்படாமல் எழுது, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைக் காற்புள்ளியிடம் காட்டினேன். "கேள்விப்பட்டதை வைத்துச் சட்டம் எழுத முடியாதும்மா, நேர்ல பார்த்துட்டு வாங்க" என்றார். அறுநூறு பேர் வேலை செய்கிற கம்பெனி எது என்று எங்கள் பட்டியலில் பார்த்தால், உன் ஊரில் இருக்கும் கம்பெனியேதான்! ஜூன் மூன்றாம் தேதி நான் நேரில் வந்து அந்தக் கொடிக்கார ஆளைப் பார்த்து அறிக்கை எழுதப்போகிறேன். உருப்படியாக இருந்தால் பிரிவு இருக்கும், இல்லாவிட்டால் வேலை போகும்.

இதைவிடப் பெரிய செய்தி: அப்பாவும் என்னோடு வருகிறார். நான் அங்கே வேலை பார்க்கும்போது அவர் உன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வண்டி பார்த்துக்கொண்டிருக்கட்டும். பழைய கோட்டை வெளுக்கப் போட்டிருக்கிறார்.

உன் அக்கா

மே 30

அக்கா,

வராதே. தண்டவாளத்தில் பழுது வேலை நடக்கிறது. எனக்கு அம்மை மாதிரி ஏதோ வந்திருக்கிறது. என்னை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால் நீ நம்பமாட்டாய் என்று எனக்கே தெரிகிறது. அடித்துவிட்டு வேறு தாள் எடுக்கவும் மனமில்லை. உண்மையை எழுதிவிடுகிறேன். இதை மட்டும் அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே.

அந்தக் கொடிக்கார ஆள் நான்தான்.

"ஸ்டேஷன் மாஸ்டர் தேவை" என்று விளம்பரம் வந்தது. கீழே கம்பெனியின் பெயர் சுருக்கமாக இரண்டு எழுத்தில் இருந்தது. உத்தரவு கைக்கு வந்த அன்றே அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பெட்டியோடு இந்த ஊரில் இறங்கி, விலாசத்தை விசாரித்து, ஆறுமாடிக் கட்டடத்தின் முன்னால் நின்று தண்டவாளத்தைத் தேடினேன் அக்கா. பின்பக்கம்கூடப் போய்ப் பார்த்தேன். காவல்காரர் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கொடுத்தார். அன்று சாயங்காலமே எழுதியிருக்க வேண்டும். "நாளைக்கு" என்று விட்டேன், நாளை ஐந்து வருஷமாகிவிட்டது.

டெலிபோன் நம்பர் ஏன் தரவில்லை என்று இப்போது புரியும். கூப்பிட்டால் முதலில் கம்பெனி பெயரைத்தான் சொல்வார்கள். வீட்டுக்கு ஏன் வரவில்லை என்பதும் புரியும். கடிதத்தில் மழுப்பலாம், அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியாது. யாரும் என்னை ஸ்டேஷனை விட்டு நகரக்கூடாது என்று சொல்லவில்லை. இந்தக் கடிதத்துக்கு முன் நான் சொன்ன முழுப்பொய் அது மட்டும்தான்.

வேலை போனால் போகட்டும். அப்பாவை மட்டும் அந்த வாசலுக்குக் கூட்டி வராதே.

தம்பி

ஜூன் 8

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். உன் மே முப்பதாம் தேதிக் கடிதம் நாங்கள் புறப்பட்ட மறுநாள் வந்து, கதவுக்கு அடியில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஆகவே, ஸ்டேஷனுக்குப் போகாமல் "முதல்ல உன் வேலையை முடி" என்று அப்பா என்னோடேயே வந்தபோதும், அந்த வாசலில் உன்னைப் பார்க்கும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது. எங்களைக் கண்டதும் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் பச்சைக் கொடியை ஆட்டினாயே, அப்போது சிரிப்பதா, கன்னத்தில் ஒன்று விடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அப்பா உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வரிசையில் போய் உட்கார்ந்தது உனக்கு எவ்வளவு திகிலாக இருந்திருக்கும்! அவருக்கு முன்னால் பதினோரு பேர். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தையற்காரர் டெலிபோனை நீ எடை போட்டதையும், காது கேட்காத அந்தப் பெரியவருக்கு மூன்று தடவை விளக்கியதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் முறை வந்ததும், தான் பையில் கொண்டுவந்த தகரப்பெட்டியை உன் தராசில் வைத்தார். உன் கடிதங்கள் அத்தனையும் அதில் இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"எடை போடுங்க மாஸ்டர்" என்றார். நீ எடைக்கற்களை எடுத்து வைத்தாய். பெட்டியைக் கழித்து முந்நூற்றுப் பத்து கிராம்.

"சரக்குக் குறைவு. அனுப்பினது ஒரு முழுப் பையன். அஞ்சு வருஷத்துல வந்து சேர்ந்தது இவ்வளவுதான். ரசீது கொடுங்க."

நீ ரசீது எழுதியதை நான் பார்க்கவில்லை. என் கண் கலங்கியிருந்தது. ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் உனக்கு ஒரு சலாம் வைத்தாரே, அதைப் பார்த்தேன்.

திரும்பி வரும் வண்டியில் கேட்டேன், "உங்களுக்கு எப்போ தெரியும்ப்பா?"

"அந்த ஜனவரிக் கடிதத்துலயே. ஒரு வண்டிகூட லேட் இல்லைன்னு எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் எழுத மாட்டான். வண்டியே வராத இடத்துலதான் அது நடக்கும்."

"அப்புறம் ஏன் பெஞ்சுல போய்ப் பெருமை அடிச்சீங்க?"

"அவன் எழுதினது நிஜம்தானே?" என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார்: "நான் பார்த்த மாஸ்டருங்க யாரும் ஜனங்களை உட்கார வெச்சுப் பேசினதில்லை. வாசல்ல நிக்க வெச்சுத்தான் பேசுவாங்க. இவன் நாற்காலி போட்டிருக்கான்."

அலுவலக விஷயம். அந்த ஆள் என் தம்பி என்று காற்புள்ளியிடம் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். அவர் அறிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, "நம்ம ஊர்லயும் அப்படி ஒருத்தர் இருக்காரா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் வீட்டு டெலிபோன் மூன்று வாரமாகப் படுத்திருக்கிறது. மறுநாள் காலையில் கையில் பையோடு போனார், ரசீதோடு திரும்பினார். பிரிவு 14 இருக்கிறது. கொடிகளை எடுத்துவிட்டோம். தண்ணீர்த் தொட்டியை எடுக்கக் கால்நடைத் துறையின் சம்மதம் வேண்டுமாம், அதனால் நாய்க்கு ஆபத்தில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். ஒன்பதாவது நாள் பன்னிரண்டாம் தேதி. அப்பா நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

உன் அக்கா

ஜூன் 12

பெறுநர்: ஓய்வுபெற்ற சிக்னல்மேன் அவர்கள்
பொருள்: சரக்குக் குறைவு பற்றிய தங்கள் புகார்

ஐயா,

தாங்கள் பூரண நலத்துடன் இருப்பீர்கள் என்று இந்த அலுவலகம் நம்புகிறது.

ஜூன் மூன்றாம் தேதி தாங்கள் அளித்த புகார் பிரிவு 14-இன்படி விசாரிக்கப்பட்டது. புகாரில் கூறப்பட்டுள்ள குறைவு உண்மையே. சரக்கு வழியில் தொலையவில்லை. போய்ச் சேர்ந்த இடத்திலேயே, பயத்தினால், ஐந்து வருஷம் தேங்கிக் கிடந்திருக்கிறது. தவறு முழுவதும் ஸ்டேஷன் மாஸ்டருடையது. அதற்காக அவர் தங்களிடம் மன்னிப்புக் கோருகிறார்.

மீதிச் சரக்கு முழுவதும் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வண்டியில் தங்கள் ஊருக்கு வந்து சேரும். எடை அறுபத்தெட்டு கிலோ. தங்கள் வீட்டில் பதினைந்து நாள் வைத்துக்கொள்ளலாம். பெற்றுக்கொண்டதும் பழைய ரசீதில் கையெழுத்திட்டுத் தரவும்.

அப்பா, ஸ்டேஷனுக்கு வரவேண்டாம் என்று சொன்னாலும் நீங்கள் கேட்கமாட்டீர்கள். அந்தத் தடத்து வண்டி எப்போதும் முக்கால் மணி தாமதம் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கையில் குடை எடுத்துக்கொண்டு, பத்தரை மணிக்குக் கிளம்பினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்,
ஸ்டேஷன் மாஸ்டர்